வேலை தருகிறோம், விளையாட வா!



ஐக்கிய அமெரிக்காவில் பல்கலைக் கழகங்கள் இளம் விளையாட்டு வீரரைப் பள்ளிப் பருவத்திலேயே தேடிச் சென்று, "எம்மிடம் வா, படிப்பும் உண்டு, வளவுக்குள்ளேயே வேலையும் உண்டு" என்று அழைக்கும் வழக்கம் நெடுநாளையது. இதில் குற்றம் என்ன என்று கேட்பீர்கள். ஏழைப் பிள்ளை உழைத்துப் படிப்பது பெருமைக்குரியதே. அவ்வேலை எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதுதான் நாம் எழுப்பும் வினா.

டென்வர்ப் பல்கலைக் கழகத்தில் நெமத் என்னும் மாணவன் ரெனிஸ் மைதானங்களைத் துப்புரவு செய்து மாதம் 50 டொலர் பெற்றான். 1950 இல் உதைபந்தாட்டப் பயிற்சியின்போது அவனுடைய முதுகில் அடிபட்டது. நட்டஈடு கேட்டான். மைதானம் துப்புரவு செய்யவே அவனை அமர்த்தினோம், பந்தாட அல்ல என்றது பல்கலைக் கழகம். கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கிறது! ஆனால் சாட்சியம் வேறு கதை சொல்லிற்று. நன்றாக ஆடியவனுக்கே உணவும் வேலையும். ஆடாதவனுக்கு இரண்டும் இல்லை. கொலராடோ உயர் நீதிமன்றம் 1953 இல் மாணவன் பக்கமே தீர்ப்பளித்தது.

வேலைகொள்வோர் கலங்கினர். 1955 இல் அதே மாநிலத்தில், ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஆடிய டெனிசன் என்பவர் ஆட்டத்தில் அடிபட்டு மாண்டார். அவருடைய மனைவியின் கோரிக்கையை 1957 இல் அதே நீதிமன்றம் தள்ளியது. பந்தாட வேண்டும் என்ற ஒப்பந்தம் எதுவும் இல்லையாம். கல்லூரி பந்தாட்ட வியாபாரம் செய்யவில்லையாம். நான்கே ஆண்டுகளில் சட்டம் எவ்வளவு தூரம் நடந்துவிட்டது பாருங்கள். "மாணவ விளையாட்டு வீரர்" என்ற சொற்றொடர்கூட, வீரரைத் தொழிலாளர் எனச் சட்டம் கருதிவிடும் என்ற அச்சத்திலேயே ஆக்கப்பட்டது. அதனை ஆக்கிய தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் தலைமை நிருவாகி வால்டர் பையர்ஸ் பின்னாளில், 1995 இல், தாமே இதனை எழுதினார்.

2024 இல் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, கல்லூரி வீரர் என்பதனால் மட்டும் ஒருவர் தொழிலாளி அல்லர் எனத் தள்ளிவிட முடியாது என்றது. ஆட்டத்தன்று வாயிலில் ரிக்கற் வாங்கும் மாணவனுக்கு மணிக்கூலி உண்டு. உள்ளே எலும்பு முறிய ஆடுபவனுக்கு ஏன் இல்லை என்பதே அவ்வழக்கின் வாதம். 2025 இல் ஏற்கப்பட்ட இணக்கத்தின்படி பெரிய பல்கலைக் கழகங்கள் வீரருக்கு நேரே பணம் கொடுக்கலாம். ஆயினும் மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்கென உபகாரச் சம்பளம் கொடுப்பதில்லை. அங்கே நூலகத்திலோ உணவுச்சாலையிலோ கிடைக்கும் வேலை எல்லா மாணவருக்கும் திறந்திருத்தல் வேண்டும். 1964 இன் வேலையும் படிப்பும் திட்டம் பார்ப்பது மாணவனின் வறுமையை; ஓட்டத்தின் வேகத்தை அன்று. இது நேர்மையான வழி என்பதே எம் கருத்து.

எனவே அழைப்புக் கிடைத்த பிள்ளையின் பெற்றோர் பயிற்சியாளரிடம் வெட்கப்படாமல் கேட்க வேண்டும்: கால் முறிந்து குழுவிலிருந்து நீங்கினாலும் இவ்வேலை நிற்குமா? வைத்தியச் செலவு யாருடையது? மறுமொழியை எழுத்தில் வாங்குங்கள். பிறநாட்டிலிருந்து மாணவர் விசாவில் செல்லும் பிள்ளையாயின், தவணைக் காலத்தில் வளவுக்குள் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யச் சட்டம் இடங்கொடாது. அந்தக் கூலியில் கட்டணம் முழுவதையும் கட்டிவிடலாம் என்று யாரேனும் சொன்னால், கணக்கைத் தாளில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.