பெயரை மாற்றிய திருச்சபை

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவை ஒட்டி கிளார்க்ஸ்டன் என்றொரு சிற்றூர். 1883-இல் தொடங்கிய பாப்டிஸ்ட் திருச்சபை அங்கே இருந்தது. கடந்த நூற்றாண்டின் கடைசியில் சோமாலியா, சூடான், லைபீரியா என்று பல நாட்டு அகதிகள் அவ்வூரில் குடியமர்த்தப்பட்டார்கள். பழைய குடும்பங்கள் இடம்பெயர, சபை மெலிந்துகொண்டே போனது.

சபையார் என்ன செய்தார்கள் தெரியுமா? 'கிளார்க்ஸ்டன் சர்வதேச வேதாகமச் சபை' என்று பெயரையே மாற்றி, புதியவர்களை உள்ளே அழைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த பெயர் போகிறதே என்று சிலர் விலகினார்கள். அது நியாயமான வருத்தம்தான். ஆனால் அதே கட்டடத்தின் அறைகளில் வெவ்வேறு நாட்டவர் தத்தம் மொழியில் ஜெபித்தார்கள். ஆலயம் மறுபடி நிறைந்தது. என் மனம் நிற்பது, விலகாமல் தங்கிய வயதானவர்களிடம். பழகிய முகங்களும் பாட்டு முறையும் மாறியபோதும், புதியவர்களுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தவர்கள் அவர்கள்தானே!