முதலாம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டாம்



"பிள்ளைக்கு ஒன்றரைக் கண். அது அதிர்ஷ்டம், வளர வளரச் சரியாகிவிடும்." நம் மக்களிடையே இப்படி ஒரு பேச்சு உண்டு. பெடாஸ் தோட்டப்புறத்தில் பிள்ளை வளர்க்கும் தாய்மார்களுக்கு நான் சொல்ல வந்தது, இதை நம்பிக் காத்திருக்காதீர்கள் என்பதுதான்.

பிறந்த குழந்தையின் கண்கள் அவ்வப்போது விலகி ஓடுவது இயல்பு. நான்கு மாதத்திற்குப் பிறகும் ஒரு கண் மூக்குப் பக்கமோ காதுப் பக்கமோ திரும்பினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாறுகண் இருந்தால் இரண்டு கண்களும் இரு வேறு காட்சிகளை அனுப்பும். மூளை குழப்பத்தைத் தவிர்க்க ஒன்றை ஒதுக்கிவிடும். ஒதுக்கப்பட்ட கண் பார்க்கப் பழகுவதில்லை. இதுவே 'சோம்பல் கண்'. நூற்றுக்கு இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு இது வருகிறது.

கண்கள் நேராக இருந்தாலும் இது வரலாம். ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமாக இருந்தால், பிள்ளை மற்றக் கண்ணாலேயே ஓடி விளையாடும். பிள்ளைக்கும் குறை தெரியாது, நமக்கும் தெரியாது.

பள்ளிச் சுகாதாரக் குழு முதலாம் ஆண்டில் கண் பரிசோதனை செய்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், அதற்குள் பிள்ளைக்கு ஆறேழு வயது ஆகிவிடும். சிகிச்சை நன்றாகப் பலிக்கும் காலம் அதற்கு முந்தியது.

வீட்டிலேயே கவனியுங்கள். பிள்ளை தொலைக்காட்சி பார்க்கும்போது ஒவ்வொரு கண்ணாக உள்ளங்கையால் மூடுங்கள். ஒரு கண்ணை மூடும்போது மட்டும் அழுது கையைத் தள்ளினால், மற்றக் கண்ணில் பார்வை குறைவாக இருக்கலாம். தலையைச் சாய்த்துப் பார்ப்பது, வெயிலில் ஒரு கண்ணை மூடுவது ஆகியவையும் அறிகுறிகளே. கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். அது கண் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

சிகிச்சை கண்ணாடியில் தொடங்கும். தேவைப்பட்டால் நல்ல கண்ணை மூடி, சோம்பல் கண்ணுக்கு வேலை கொடுப்பார்கள். நடுத்தரப் பாதிப்புள்ள, ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தினமும் இரண்டு மணி நேரம் மூடுவது, ஆறு மணி நேரம் மூடுவதற்கு ஈடான பலன் தருவதாக 2003இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. அறுவை சிகிச்சை கண்ணை நேராக்கும். சோம்பல் கண்ணுக்குப் பார்வையை அது மட்டும் தந்துவிடாது.

ஆகவே, மூன்று நான்கு வயதிலேயே அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் பரிசோதனை கேளுங்கள். தேவையானால் சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்குக் கடிதம் பெற்றுச் செல்லுங்கள். ஒரு நாள் சம்பளம் போனால் அடுத்த மாதம் ஈடுகட்டலாம். பிள்ளையின் கண் பழகும் வயது திரும்பி வராது.