கல்லும் செயலும்



சென்னைக் கடற்கரையை ஒட்டிச் செல்லும் காமராசர் சாலையில் மாலை வேளையில் உலவுவோர், தம்மை அறியாமலே தமிழிலக்கிய வரலாற்றின் ஒரு பகுதியைக் கடந்து செல்கின்றனர். திருவள்ளுவர், ஔவையார், கம்பர், வீரமாமுனிவர், கால்டுவெல், போப், பாரதியார், பாரதிதாசன் எனச் சிலைகள் அங்கே நிற்கின்றன. அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்த காலத்தில், 1968 சனவரியில் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி எழுப்பப்பெற்றவை இவை. மன்னரை விடுத்துப் புலவரையும் மொழியறிஞரையும் தலைநகரின் முகப்பில் நிறுத்திய அச்செயல் பாராட்டுக்குரியது. ஐயமில்லை.

எனினும் சிலையைப் பற்றிப் பேசுமுன் பீடத்தைப் பற்றிப் பேசவேண்டியுள்ளது.

தமிழர்க்குக் கல் நாட்டுதல் புதிதன்று. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என அதற்குத் துறை வகுத்தது தொல்காப்பியம். அக்கற்கள் பெயரோடு நின்றுவிடவில்லை. வீழ்ந்தவன் எதற்காக வீழ்ந்தான் என்பதையும் சொல்லின. திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. வீரன் கருந்தேவக்கத்தியோடு கோவிவன் என்னும் அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியைக் கல்வெட்டு சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டுச் சிற்றூரார் ஒரு நாயின் செயலைக் கூட எழுதாமல் விடவில்லை!

இன்றைய நகரத் தெருக்களின் பீடங்கள் பலவற்றில் திறந்து வைத்தவர் யார், தலைமை தாங்கியவர் யார், நாள் எது என்பனவே விரிவாக உள்ளன. சிலையாக நிற்பவர் செய்தது என்ன என்பதற்கு இடம் போதாமற் போகிறது. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் எழுத்திலேயே வேறுபடுத்திக் காட்ட வழிசெய்தவர் வீரமாமுனிவர். எல்லாப் பீடங்களின் எழுத்துகளும் அவர் திருத்தத்தின்படியே படிக்கப்படுகின்றன. இந்த ஒரு செய்தி பொறிக்கப்பட்டால் சிலையருகே நிற்கும் சிறுவனுக்கு அவர் உறவினராகி விடுவார். அதே கடற்கரையில் தேவிபிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை 1959 முதல் நிற்கிறது. பாறையைப் பெயர்க்கும் அந்நால்வர்க்கும் பெயரில்லை, செயலே உண்டு. விளக்கம் கேட்பவர் எவருமில்லை.

கண்ணகியின் சிலை 2001 டிசம்பரில் அகற்றப்பட்டு, 2006 சூனில் மீண்டும் நிறுவப்பட்டது. இமயத்துக் கல்லைக் கங்கையில் நீர்ப்படுத்திக் கொணர்ந்த சேரன் செங்குட்டுவனின் பயணம் வஞ்சிக் காண்டத்தில் விரிவது அவையோர் அறிந்ததே. சிலை நின்றபோது அதை ஏறிட்டும் பாராத பலர், அது இல்லாதபோது சிலப்பதிகாரத்தைத் தேடி எடுத்தனர்.

ஆயினும் கவிஞர்கள் கூடிய அவையில் நெஞ்சை உறுத்தவேண்டியது பாரதியாரின் சிலைதான். 1920இல், கடையத்தில் இருந்தபோது, தம் நூல்கள் அனைத்தையும் 40 பகுதிகளாக, பகுதிக்கு 10,000 பிரதிகள் வீதம் வெளியிட அவர் திட்டமிட்டார். பொருளுதவி வேண்டி அன்பர்களுக்கு மடல் விடுத்தார். கணக்கும் ஆதாயமும் காட்டி எழுதப்பட்ட மடல் அது. இரவலன் குரல் அதில் இல்லை. பணம் வரவில்லை. மறு ஆண்டு செப்டம்பரில், முப்பத்தொன்பது வயது நிறையுமுன், திருவல்லிக்கேணியில் அவர் மறைந்தார். இறுதி ஊர்வலத்தில் சென்றவர் மிகச் சிலரே. நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு மேல் கழித்துச் சிலை எழுந்தது.

சிலைக்குப் பொருள் திரட்டுதல் எளிது. நூலுக்குத் திரட்டுதல் அரிது. சிலைத் திறப்புக்கு மேடை உண்டு, மாலை உண்டு. அச்சகத்தின் பட்டியலுக்கு என்ன உண்டு? இம்மன்றமும் தன் பத்தாம் ஆண்டில் மறைந்த கவிஞர் எவர்க்கேனும் கல் நாட்ட எண்ணுமாயின், அவர்தம் வீட்டுப் பரணில் கிடக்கும் கையெழுத்துப் படிகளை அச்சிட என்ன செலவாகும் என்பதை முதலில் கேட்டறிதல் நன்று. கல் சற்றே காத்திருக்கும். தாள் காத்திராது, கரையான் அதைவிட விரைவானது.

பாரதியார் வாழ்ந்து மறைந்த திருவல்லிக்கேணி இல்லம் 1993இல் நினைவில்லமாயிற்று. கடற்கரைச் சிலையிலிருந்து அவ்வில்லத்திற்கு நடந்தே போய்விடலாம்.