‘உனக்கு எதில் விருப்பம்?’ என்பது இரண்டாவது கேள்வி

(அரசுக் கலைக் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இறுதியாண்டுக்கு வந்துவிட்டால் ஊரே கேட்கிற கேள்வி, “அடுத்து என்ன?” இதற்குத் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது: “பிடித்ததைச் செய், பணம் பின்னால் வரும்.” பணம் முன்னாலேயே இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அது நல்ல அறிவுரைதான். அப்பா கூலி வேலைக்குப் போய், அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கி ஃபீஸ் கட்டிய வீட்டில், அது குற்ற உணர்வை மட்டுமே தரும். வேலைக்குப் போனால் கனவை விட்டுவிட்டோம் என்று ஒரு உறுத்தல். மேலே படிக்கப் போனால் வீட்டைக் கைவிட்டோம் என்று இன்னொரு உறுத்தல். இரண்டுமே வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

தொழிலைத் தேர்ந்தெடுப்பது என்பதே நமக்குப் புதிய உரிமை. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே பிரித்து அடுக்கி வைத்திருக்கிறது என்று 1936-இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் விளக்கினார். தமிழ்நாட்டில் 1953-இல் இராஜாஜி அரசு ஒரு தொடக்கக் கல்வித் திட்டம் கொண்டுவந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். பெரியார் அதைக் ‘குலக்கல்வி’ என்று சொல்லி எதிர்த்தார். திராவிடர் கழகமும் தி.மு.க.வும் போராடின. 1954-இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. இது உங்கள் தாத்தா பாட்டி காலத்துச் செய்தி. “அடுத்து என்ன?” என்ற கேள்வி உங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததற்குப் பின்னால் இவ்வளவு போராட்டம் இருக்கிறது.

அந்தக் கேள்வியை அம்பேத்கரும் சந்தித்தார். 1913-இல் பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். பிறகு இலண்டன். அங்கே படிப்பு முடிவதற்குள் உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917-இல் திரும்பி வந்து, ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தார். தங்க இடமில்லை, தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்தும் விரட்டப்பட்டார். பம்பாய்க்கு வந்து 1918-இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் சாகு மகராஜ் உதவினார், நண்பர் ஒருவர் கடன் கொடுத்தார். 1920-இல் மறுபடியும் இலண்டன் போய், விட்ட படிப்பை முடித்தார், பாரிஸ்டரும் ஆனார்.

அந்தக் கல்லூரி வேலையை யாராவது சமரசம் என்று சொல்வோமா? எதற்காக, எதுவரை என்று தெரிந்து பார்த்த வேலை அது.

ஆகவே முதல் கேள்வி விருப்பம் அல்ல. “வீடு எவ்வளவு காலம் தாங்கும்?” என்பதுதான் முதல் கேள்வி. அப்பா அம்மாவோடு உட்கார்ந்து கடன், வட்டி, தம்பி தங்கை படிப்பு எல்லாவற்றையும் தாளில் எழுதிப் பாருங்கள். ஓராண்டு தாங்கும் என்றால் ஓராண்டுத் திட்டம். தாங்காது என்றால் முதலில் வேலை. ஆனால் அந்த வேலைக்கும் ஒரு கெடு வையுங்கள். டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிப்பவர்களுக்கும் இதுவே பொருந்தும்: எத்தனை முயற்சி, அதற்குள் வராவிட்டால் என்ன என்பதை இன்றே எழுதி வையுங்கள்.

பெண் தோழர்களுக்குக் கெடுவை வீடே வைத்துவிடுகிறது, கல்யாணம் என்ற பெயரில். சொந்தச் சம்பளம் அந்தத் தேதியைத் தள்ளிப்போட உதவும். யாரோடு வாழ்வது என்பதை, சாதியைக் கேட்காமல் நீங்களே முடிவு செய்யவும் அது துணை நிற்கும். உங்களுக்கு வேலை என்பது வருமானத்தோடு முடிகிற விஷயம் இல்லை.

இரண்டாண்டு வேலைக்குப் போனால் கதவெல்லாம் மூடிவிடும் என்று பயப்படாதீர்கள். யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வைப் பட்டியல் சாதி, பழங்குடித் தோழர்கள் 37 வயது வரை எழுதலாம். ஆய்வு உதவித்தொகைக்கான ஜே.ஆர்.எஃப். வயது வரம்பில் அவர்களுக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் பெண்களுக்கும் 5 ஆண்டுத் தளர்வு உண்டு. பட்டப்படிப்புக்குப் பிறகு மூன்றாண்டுச் சட்டப்படிப்பு இருக்கிறது. பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் மேற்படிப்புப் படிக்க ஒன்றிய அரசின் உதவித்தொகை இருக்கிறது. இவை சலுகை அல்ல, போராடிப் பெற்ற உரிமை. பயன்படுத்தக் கூச்சப்பட வேண்டியதில்லை.

இதற்குப் பிறகு வருவதுதான் விருப்பம். விருப்பம் பார்த்ததிலிருந்துதான் பிறக்கும். வக்கீல் வீட்டுப் பிள்ளை சாப்பாட்டு நேரத்திலேயே நீதிமன்றத்தைக் கேட்டு வளர்கிறது. நம் தெருவில் பார்த்தது ஆசிரியர், போலீஸ், நர்ஸ், வி.ஏ.ஓ. ஆகவே நம் ஆசையும் அங்கேயே நின்றுவிடுகிறது. எனக்கு ஆர்வமே இல்லை என்று நினைக்காதீர்கள், இன்னும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஒரு நாள் நீதிமன்றத்தில் போய் உட்காருங்கள். ஒரு பத்திரிகையாளரைச் சந்தியுங்கள். ஆய்வு மாணவர் ஒருவரிடம் அவருடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேளுங்கள்.

தனியார் துறையில் இடஒதுக்கீடு கிடையாது. ஆனால் அங்கே சிபாரிசு உண்டு. ‘ரெஃபரல்’ என்று மரியாதையான பெயரில் நடக்கிறது. மாமா, சித்தப்பா, அப்பாவின் நண்பர் வழியாகத் தகவல் போய்ச் சேர்கிறது. நிலத்தைப் போல, தகவலும் சாதி வழியாகக் கைமாறுகிற சொத்து. நமக்கு அந்த மாமா இல்லை. நாமே ஒருவருக்கொருவர் அந்த மாமாவாக ஆக வேண்டும்.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். இந்தத் துறையில் ஐந்தாண்டுகளில் படித்து வெளியே போனவர்களின் பட்டியலை இந்த மாதமே தயார் செய்யுங்கள்: யார் எங்கே இருக்கிறார், எப்படிப் போனார், நுழைவுத் தேர்வு எப்போது, எவ்வளவு செலவானது. அதை முதலாண்டு மாணவர்களிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். வேலை கிடைத்தவர்கள் அதில் தங்கள் பெயரைச் சேர்க்க வேண்டும், அழைத்தால் எடுக்க வேண்டும்.

ஜெய்பீம்.