திமில் மாடும் மிருதுவான மாமிசமும்

மாட்டின் உயரத்தையும் உடற்கட்டையும் கண்ணால் மதிப்பிட்டு, அவற்றில் சிறந்ததைப் பொலிகாளையாக வைத்துக்கொள்வது மனிதன் தொன்றுதொட்டுச் செய்துவரும் காரியம். ஆனால் அதன் மாமிசம் பதமாக வேகுமா, பல்லோடு மல்லுக்கட்டுமா என்பது அந்தப் பிராணி உயிரோடிருக்கும்வரை எவருக்கும் புலப்படுவதில்லை.

பிரேஸில் தேசத்து மேய்ச்சல் வெளிகளில் மந்தை மந்தையாக நிற்கும் வெள்ளை 'நெலோரே' திமில் மாடுகளின் பூர்விகம், அந்நாளில் சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த நெல்லூர், ஓங்கோல் பிரதேசமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் கப்பலேறிய இம்மாடுகள், ஐரோப்பிய இனங்கள் தாங்கமாட்டாத வெயிலையும் உண்ணிக்கடியையும் லட்சியம் செய்யாமல் பெருகி, அந்நாட்டு இறைச்சி வியாபாரத்துக்கே ஆதாரமாயின. உழவுக்கும் வண்டிக்கும் பாலுக்குமாக நம்மவர் பேணிய இனத்தை, கறி கடினமென்று குறைகூறுவது நியாயமன்று என்பது என் அபிப்பிராயம்.

எனினும் கடினம் மெய்தான். அறுத்தபின் விறைத்துப்போகும் தசையைக் குளிரறையில் சில நாள் தொங்கவிட்டால், கால்பெயின் என்னும் நொதி நார்களைப் பிணைத்துநிற்கும் புரதங்களைச் சிறிது சிறிதாக அறுத்து இளக்கிவிடும். அந்த நொதியைச் செயற்படவிடாமல் தடுக்கும் கால்பாஸ்டாட்டின் என்னும் புரதமோ திமில் மாடுகளில் மிகுந்த சக்தியுடன் இயங்குகிறது. கறியின் கடினத்தை அளக்க வார்னர்-பிராட்ஸ்லர் கருவி என்று ஒன்று உண்டு. வெந்த துண்டை ஆறவைத்து, நார் ஓடும் போக்கிலேயே அரை அங்குலக் குறுக்களவுள்ள உருளைகளாகக் குடைந்தெடுத்து, அவற்றைக் குறுக்கே அறுக்க எத்தனை விசை வேண்டியிருக்கிறதென்று அது காட்டும். மனித வாய்க்குள்ள பட்சபாதம் அதற்கில்லை.

பொலிகாளையையே வெட்டிப் பார்ப்பது சாத்தியமல்லவாதலால், அதன் கன்றுகள் வளர்ந்து கசாப்புக்குப் போய், அவற்றின் மாமிசம் பரீட்சிக்கப்படும்வரை பல வருஷங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது வால்மயிரின் வேரைக்கொண்டே மேற்சொன்ன இரு புரதங்களுக்குரிய மரபணு வேறுபாடுகளை அறிய முடிகிறது. ஆயினும் அதை மட்டும் நம்பிக் காளை வாங்குவது பேதைமை. தீனியும், அறுக்கும் வயசும், கொட்டிலில் பட்ட மிரட்சியும் கறியின் குணத்தை மாற்றிவிடுகின்றன.

ஆதலால் பிரேஸிலில் பண்ணைக்காரர் பலர், ஸ்காட்லாந்து தேசத்து ஆங்கஸ் காளையின் விந்தை நெலோரே பசுக்களுக்குச் செலுத்திக் கலப்புக் கன்றுகளை ஈனச் செய்கிறார்கள். கறிக்கு மிருது தகப்பன் வழியில் வருகிறது. தாய் மட்டும் நெலோரேயாகவே இருக்கவேண்டும், அந்த வெயிலில் கன்றை வளர்த்தெடுக்க ஆங்கஸ் பசுவால் ஆகாது.