ஆஸ்பத்திரி நன்றாக நடக்கிறது என்பதை எப்படிக் கண்டுகொள்வது?

(பங்கின் பொன்விழாவையொட்டி நடந்த நலவாழ்வுக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘மருத்துவ நிறுவனங்களில் தரம், திறமை, புதுமை’ என்பது. தலைப்பு பெரிது, கொடுத்த நேரமோ இருபது நிமிடம். இந்தப் பேச்சுக்கு ஒரு காரணம் உண்டு என்பதையும் நீங்கள் அறிவீர்கள். பொன்விழா நிதியைக்கொண்டு மருந்தகத்துக்கு மாடி எழுப்புவதா வேண்டாமா என்று பங்குப் பேரவை இரண்டு முறை கூடியும் முடிவாகவில்லை. நான் கட்டடத்துக்கு எதிரி அல்ல. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செவிலியாகவும், பின்பு செவிலியர் கண்காணிப்பாளராகவும் வேலை பார்த்தவள் என்ற முறையில், செங்கல்லைப் பற்றிப் பேசுமுன் பேச வேண்டிய சில செய்திகள் உண்டு என்று கருதுகிறேன்.

முதலில் உங்களை மதுரைக்கு அழைத்துப் போகிறேன். டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்களின் பெயரைக் கேள்விப்படாதவர் இங்கே குறைவு. 1918-இல் எட்டயபுரத்தை அடுத்த ஒரு சிற்றூரில், உழவர் குடும்பத்தில் பிறந்தவர். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவர் ஆசை. முடக்குவாத நோய் வந்து கைவிரல்களைக் கோணலாக்கிவிட்டது. மனிதர் தளரவில்லை. கண் மருத்துவத்துக்கு மாறி, தம் விரல்களுக்கு ஏற்றாற்போல் கருவிகளை அமைத்துக்கொண்டு, அந்தக் கையாலேயே கண் அறுவை செய்யப் பழகினார். 1976-இல், 58-ஆம் வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், உடன்பிறந்தோரையும் அவர்கள் குடும்பத்தாரையும் சேர்த்துக்கொண்டு 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 2006-இல் அவர் மறைந்தபோது அது தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி என்று பரவியிருந்தது. வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை. கட்டணம் கொடுக்கிறவர்களின் பணம்தான் அதைத் தாங்குகிறது.

அவருடைய மனவுறுதியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். நான் அவருடைய அறுவைக் கூடத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அங்கே ஒரு டாக்டருக்கு இரண்டு மேசைகள் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கும். ஒரு மேசையில் கண்புரை அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளி தயாராகப் படுத்திருப்பார். முதல் அறுவை முடிந்ததும் நுண்ணோக்கியைத் திருப்பிக்கொண்டு டாக்டர் மறுபக்கம் போய்விடுவார். மருந்து விடுவது, கண்ணை அளப்பது, வில்லையின் அளவு கணிப்பது, கருவிகளை எடுத்து வைப்பது எல்லாம் செவிலியர் கையில். பெரும்பாலும் கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து இவர்களை உருவாக்குகிறார்கள். டாக்டர் மட்டுமே செய்யக்கூடிய வேலையை டாக்டர் செய்கிறார்; மற்ற எதையும் செய்வதில்லை. இப்படித்தான் அங்கே ஒரு டாக்டர் ஆண்டுக்கு 2,000 அறுவைகளுக்கு மேல் செய்ய முடிகிறது.

“அம்மா, இது என்ன, இட்லிக் கடையா? வேகமாகச் செய்தால் தரம் கெடாதா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். வேகம் இரண்டு வகை. அவசரத்தால் வருவது ஒன்று. காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பதால் வருவது மற்றொன்று. கத்தி பிடிக்கும் கை அங்கே அவசரப்படுவதில்லை. நோயாளியை மாற்றுவதிலும் கருவி தேடுவதிலும் போகும் நேரத்தைத்தான் மிச்சப்படுத்தினார்கள்.

இன்னொன்றும் செய்தார்கள். எந்த அறுவையில் என்ன சிக்கல் வந்தது என்று விடாமல் எழுதி வைத்தார்கள். கண் அறுவைக்குப் பின் உள்ளே சீழ் பிடித்தால் பார்வையே போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். அறுவை முடிவில் கண்ணுக்குள்ளேயே மாக்சிஃப்ளாக்சசின் என்ற மருந்தைச் செலுத்தினால் இது குறையுமா என்று பார்க்க, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். 10,000 அறுவைக்கு ஏறத்தாழ 7 என்று இருந்த சீழ்த்தொற்று 2 ஆகக் குறைந்திருந்தது. ஐந்து பேர்தானே என்று நினைக்காதீர்கள். நம் பங்கில் ஐந்து பேருக்குக் கண் போனால் எப்படியிருக்கும்? பதிவேடு ஒழுங்காக இல்லாத ஆஸ்பத்திரியில் இந்த ஐந்து பேர் யார் கண்ணுக்கும் தெரிந்திருக்கமாட்டார்கள்.

வில்லையின் கதையும் இப்படித்தான். முன்பு புரையை எடுத்துவிட்டு சோடாப்புட்டிக் கண்ணாடி மாட்டி அனுப்புவார்கள். கண்ணுக்குள் பொருத்தும் வில்லை வந்தபோது அது நூறு டாலர் அளவில் விற்றது, ஏழைக்கு எட்டாது. 1992-இல் ஆரோலேப் என்ற சொந்தத் தொழிற்சாலையை மதுரையில் தொடங்கி, விலையைப் பத்து டாலருக்கும் கீழே கொண்டுவந்தார்கள்.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு. கிராமந்தோறும் கண் முகாம் நடத்துவது அவர்கள் வழக்கம். முகாமில் பார்த்து, “உங்களுக்கு அறுவை வேண்டும், இலவசம், வாருங்கள்” என்று சொல்லிவிட்டு வருவார்கள். தொடக்கத்தில் சொன்னவர்களில் சிலரே வந்தார்கள். ஏன் என்று வீடு தேடிப் போய்க் கேட்டபோது காரணம் தெரிந்தது. பஸ்ஸுக்குக் காசில்லை, தங்கிச் சாப்பிட வழியில்லை, துணைக்கு வருகிறவருக்குக் கூலி போய்விடும். ஏழைக்கு இலவசம் என்பது இலவசம் அல்ல! அதன்பின் முகாமிலிருந்தே பஸ்ஸில் ஏற்றிப் போய், சோறும் போட்டு, திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். கூட்டம் பெருகிற்று.

இந்த இடத்தில் நாமாக இருந்தால் மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருப்போம். அவர்களோ, வராதவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். 1999-இல் வெளியான ஆய்வில் பதில் கிடைத்தது. கண் சிகிச்சை தேவைப்பட்ட கிராமத்து மக்களில் 100-க்கு 7 பேர்தான் முகாமுக்கு வந்திருந்தார்கள். இவ்வளவு பெயர்பெற்ற முகாமுக்கு ஏழே பேர்! அந்த எண்ணை மறைக்காமல் ஏற்றுக்கொண்டதால்தான், 2004 முதல் சிற்றூர்களிலேயே கண் பார்வை மையங்கள் திறந்தார்கள். ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் சிறிய அறை, பயிற்சி பெற்ற ஒரு பெண், ஒரு கணினி. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அங்கிருந்தே பார்த்து ஆலோசனை சொல்வார். முகாமைப்போல் ஆரவாரம் இல்லை. தேவைப்பட்டவர் தேவைப்பட்ட நாளில் நடந்தே வந்து பார்த்துக்கொள்கிறார்.

தனியார் அறக்கட்டளை என்பதால் முடிந்தது, அரசாங்கத்தில் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் ஏற்பட்டது. எல்லா அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் சேர்த்து மொத்தமாக மருந்து வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் வங்கிப் பாஸ்புத்தகம்போல ஒன்று கொடுத்தார்கள். தனக்கு ஒதுக்கிய தொகைக்குள் எந்த மருந்து வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம். தேவையில்லாத மருந்து வந்து குவிவதும், தேவையான மருந்து இல்லாமல் சீட்டு எழுதி வெளியே அனுப்புவதும் பெருமளவு குறைந்தன. பல மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றின. அந்தப் பாஸ்புத்தகம் கையில் வந்தபிறகுதான் மருந்துக் கணக்கு என்பதற்கு அர்த்தம் உண்டாயிற்று என்று மருந்தாளுநர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

செவிலியரைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். என் இனம் அல்லவா! அமெரிக்காவில் பீட்டர் புரோனோவோஸ்ட் என்ற டாக்டர், தீவிர சிகிச்சைப் பிரிவில் பெரிய இரத்தக் குழாய்க்குள் ஊசிக்குழாய் போடும்போது ஏற்படும் தொற்றைத் தடுக்க ஐந்தே காரியம் எழுதினார். கை கழுவு, நோயாளியை முழுக்க மூடு, குளோர்ஹெக்சிடின் கொண்டு தோலைத் துடை, கூடுமானவரை தொடையிடுக்கில் போடாதே, தேவை முடிந்ததும் எடுத்துவிடு. இதில் புதிதாக எதுவும் இல்லை, எல்லா டாக்டருக்கும் தெரிந்ததே. புதுமை எங்கே என்றால், இதில் ஒன்றை விட்டுவிட்டால் டாக்டரை நிறுத்தும் அதிகாரத்தைச் செவிலிக்குக் கொடுத்தார்கள். மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பிரிவுகளில் நடத்திப் பார்த்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்றே மாதத்தில், குறைந்தது பாதிப் பிரிவுகளில் அந்தத் தொற்று ஒன்றுகூட இல்லை. “டாக்டர், கை கழுவவில்லையே” என்று ஒரு சின்னப்பெண் சொல்வதற்கு நம் ஊரில் எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். மேலே இருக்கிறவர்கள் அந்தத் தைரியத்தைக் கொடுத்தால்தான் அது வரும்.

இனி நம் மருந்தகத்துக்கு வருகிறேன். வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நிற்கிறது, ஆகவே இடம் போதவில்லை என்கிறோம். வரிசை நிற்பது இடம் இல்லாததாலா? எல்லோரும் காலை எட்டு மணிக்கே வருவதாலா? சீட்டு எழுதவும் மருந்து கொடுக்கவும் ஒரே ஜன்னல் இருப்பதாலா? ஜன்னல்தான் காரணம் என்றால், மாடி கட்டினாலும் அதே வரிசை மாடிப்படியில் நிற்கும். மூட்டுவலிக்கு மருந்து வாங்க வரும் பாட்டிமார் அந்தப் படியில் ஏற வேண்டியிருக்கும்!

அதைவிட முக்கியமானது வராதவர்கள். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை தொடங்கியவர்களில் அடுத்த மாதம் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்? சகோதரிகள் ஒவ்வொருவரையும் முகம் பார்த்து அறிவார்கள். ஆனால் வராத முகம் மனதில் நிற்பதில்லை, காகிதத்தில்தான் நிற்கும். அழுத்தத்துக்கு மாத்திரையை நிறுத்திவிட்டுப் பக்கவாதத்தோடு படுத்தவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள்.

ஆகவே பங்குப் பேரவைக்கு என் வேண்டுகோள் இது. மாடி பற்றிய முடிவை இரண்டு மாதம் தள்ளி வையுங்கள். முதல் மாதம் முழுவதும் வாசலில் ஓர் இளைஞர் உட்கார்ந்து, வருகிறவர் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து வந்த நேரத்தைக் குறிக்கட்டும். சகோதரி பார்த்த நேரம், மருந்து வாங்கிய நேரம், வீட்டுக்குப் புறப்பட்ட நேரம் அதிலேயே விழட்டும். அதே மாதத்தில், மாத்திரை வாங்கிப்போய்த் திரும்பாதவர்களின் பட்டியலை எடுத்து வின்சென்ட் தே பவுல் சபையார் வீடு வீடாகப் போய்க் கேட்டு வரட்டும். கேட்பது மட்டும் போதும், கண்டிக்க வேண்டாம். இரண்டாம் மாதம் அந்தச் சீட்டுகளைக் கொட்டிக் கூட்டிப் பார்ப்போம். மாடிதான் தேவை என்று அந்தக் கணக்கு சொன்னால், முதல் நன்கொடை என் ஓய்வூதியத்திலிருந்து வரும்.

சீட்டு அச்சிடும் செலவை ஏற்பதாக ஓர் அன்பர் சொல்லியிருக்கிறார். காலை நேரத்தில் உட்கார விருப்பமுள்ள இளைஞர்கள் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு மருந்தகத்தில் சகோதரியிடம் பெயர் கொடுங்கள். ஒரு நாளைக்கு இருவர் வேண்டும்.