சுவிட்சை அணைச்சாலும் கரண்டு இருக்கும்
(ஆண்டு விழாவில் உறுப்பினர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மைக்கு முன்னாடி நிக்கிறது இதுதான் முதல் தடவை. சேமிப்பு, கடன், தையல், ஊறுகாய் பற்றியெல்லாம் எனக்கு முன்னாடி பேசினவங்க நல்லா சொல்லிட்டாங்க. எனக்குக் கொடுத்தது கூரையில் லைட் மாட்டுற வேலை. ஏதோ ஆம்பிளை வேலை மாதிரி தெரியும். கேட்டுப் பார்த்துட்டு சொல்லுங்க.

என் வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கார். மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவார். போன வருஷம் எங்க கூடத்துல மேலே இருந்த பழைய டியூப்லைட் பட்டி கருகிப் போச்சு. வயர்மேன் ஒருத்தருக்குப் போன் பண்ணினேன். "நாளைக்கு வரேன்மா"ன்னார். அந்த நாளைக்கு பதினோரு நாள் ஆச்சு. சின்ன வேலைக்கு அவ்வளவு தூரம் வண்டி எடுத்துக்கிட்டு வந்தா அவருக்கும் கட்டுப்படி ஆகாது, அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனா என் மகளுக்குப் பொதுத்தேர்வு. அடுப்படி வெளிச்சத்துல உட்கார்ந்து எத்தனை நாள் படிப்பா?

ஒண்ணு முதல்லயே சொல்லிடுறேன். இருக்கிற பல்பு, லைட், பேன், சுவிட்ச் இதுகளை அதே இடத்துல மாத்திக்கிறதுக்கு நமக்கு அனுமதி உண்டு. புதுசா லைன் இழுக்கிறது, மெயின்ல கை வைக்கிறது, மீட்டர் பக்கம் போறது, இதெல்லாம் லைசென்ஸ் உள்ளவங்க வேலை. அந்தக் கோட்டை நான் தாண்டலை, நீங்களும் தாண்ட வேண்டாம். நம்ம வீட்டுக்கு வர்றது 230 வோல்ட். ஆளைக் கொல்ல அது போதும்.

நான் வாங்கினது நாலடி எல்.இ.டி. பட்டி, 20 வாட்ஸ். பழைய டியூப்லைட் 40 வாட்ஸ், அதோட சோக் இழுக்கிறதையும் சேர்த்தா 50 வாட்ஸ் பக்கம் வரும். தினம் அஞ்சு மணி நேரம்னு வச்சா, ரெண்டு மாசத்துக்கு அது 15 யூனிட், இது 6 யூனிட். கணக்குப் பார்த்து கரண்டு செலவு பண்ற வீட்டுக்கு இந்த 9 யூனிட் பெரிய விஷயம். ஒரு டெஸ்டர், ஒரு திருப்புளி, கனெக்டர், இன்சுலேஷன் டேப். இவ்வளவுதான் சாமான்.

மெயினை அணைச்சேன். பீஸ் கட்டையைக் கழற்றி என் இடுப்புலயே சொருகிக்கிட்டேன். ஏன்னா நாம ஏணியில நிக்கும்போது, "யாரு மெயினை அணைச்சது, சீரியல் போகுது"ன்னு யாராவது போட்டுடுவாங்க. எங்க வீட்டுல அது என் மாமியார்! கட்டை என் இடுப்புல இருந்தா யாராலும் போட முடியாது. இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டுல அதையும் அணைக்கணும். மெயினை அணைச்சாலும் அதிலிருந்து லைட் லைனுக்குக் கரண்டு வந்துக்கிட்டே இருக்கும்.

அதோட நிக்கக் கூடாது. டெஸ்டர் வைக்கணும். மெயினை அணைக்கிறதுக்கு முன்னாடியே எரியுற ஒரு பிளக்குல வச்சு, டெஸ்டர் நல்லா இருக்கான்னு பார்த்துக்கணும். கெட்டுப்போன டெஸ்டர் எங்கே வச்சாலும் எரியாது, நாம கரண்டு இல்லைன்னு நம்பிடுவோம். அப்புறம் லைட் வயர்ல ரெண்டு முனையிலயும் வைக்கணும். சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த்துன்னு சொல்வாங்க. எங்க வீட்டுக் கூரையில ரெண்டுமே சிவப்பு! மிச்சம் இருந்த வயரைப் போட்டுட்டுப் போயிருக்காங்க. நிறத்தை நம்பாதீங்க.

ஏணி மர ஏணி. பிளாஸ்டிக் நாற்காலி மேல ஸ்டூல் போடுற வேலை கூடவே கூடாது. கால்ல ரப்பர் செருப்பு. கீழே பிடிச்சுக்க ஒரு ஆள், எனக்கு எங்க குழுப் பொருளாளர் அக்கா பிடிச்சாங்க. பழைய ஓட்டையிலயே கிளிப்பு உட்கார்ந்துட்டதால டிரில்லர் தேவைப்படலை. வயர் முனையை அரை அங்குலம் சீவி, கனெக்டர்ல விட்டு, திருகை இறுக்கி, மெல்ல இழுத்துப் பார்த்தேன். பல்லால கடிச்சு சீவுறவங்க இருக்கீங்க, எனக்குத் தெரியும். உள்ளே இருக்கிற செம்புக்கம்பி பாதி அறுந்துடும், மிச்சக் கம்பி சூடாகும். எங்க பழைய பட்டி கருகினதும் லூசா இருந்த முறுக்குலதான். உடம்பு இரும்பா இருக்கிற லைட்டுன்னா பச்சை வயரை வெட்டி விடாம கண்டிப்பா மாட்டணும்.

லைட் எரிஞ்சுது. மகள் கை தட்டினா. ஆனா விஷயம் அன்னைக்கு ராத்திரிதான் தெரிஞ்சுது.

சுவிட்சை அணைச்சுட்டுப் படுத்தோம். பட்டி நிலா வெளிச்சம் மாதிரி மங்கலா எரிஞ்சுக்கிட்டே இருக்கு. என் மாமியார் "காத்து கருப்பு"ன்னு விபூதி எடுக்கப் போயிட்டாங்க. காலையில கடைக்காரரைக் கேட்டேன். "சுவிட்ச் நியூட்ரல்ல இருக்கும், பாருங்க"ன்னார். சுவிட்சை அணைச்சு வச்சு, லைட் வயர்ல டெஸ்டர் வச்சேன், எரியுது! கட்டின காலத்துல கூடத்து சுவிட்ச் பெட்டியில பேஸையும் நியூட்ரலையும் மாத்திக் கொடுத்துட்டாங்க. சுவிட்ச் வெட்டினது நியூட்ரலை. பேஸ் எப்பவும் மேலேயே நின்னுது.

இதை யோசிச்சுப் பாருங்க. பன்னிரண்டு வருஷமா நாங்க சுவிட்சை மட்டும் அணைச்சுட்டு டியூப்பைத் துடைச்சிருக்கோம், மாத்தியிருக்கோம். பழைய டியூப்லைட்டுல இது வெளியே தெரியாது. எல்.இ.டி. கொஞ்சூண்டு கரண்டு கசிஞ்சாலும் மினுக்கும், அதனாலதான் காட்டிக் கொடுத்துது. சில சுவிட்சுல சின்ன சிவப்பு விளக்கு இருந்தாலும் இப்படி மினுக்கும், அதையும் சொல்லிடுறேன். எதுன்னு டெஸ்டர் வச்சாத்தான் தெரியும். மெயின்லயே மாறியிருந்தா பீஸ் கட்டையைக் கழற்றினாலும் பேஸ் நிக்கலாம். மேலே டெஸ்டர் வைக்காம தொடாதீங்கன்னு சொன்னது அதுக்குத்தான்.

அந்த சுவிட்ச் பெட்டியை நான் பிரிக்கலை. லைசென்ஸ் உள்ள வேற ஒருத்தரைக் கூப்பிட்டு மாத்தினோம். அப்படியே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒண்ணும் போட்டுட்டோம். உடம்பு வழியா கரண்டு தரைக்குக் கசிஞ்சா கண் இமைக்கிறதுக்குள்ள லைனை வெட்டிடும். பீஸ் கட்டை அதைச் செய்யாது, அது வயரைக் காப்பாத்த வச்சது. அந்தச் செலவுக்குக் குழுவுல உள்கடன் வாங்கி மூணு தவணையில அடைச்சேன். மாடு வாங்க, காது குத்தக் கடன் கொடுக்கிற நாம இதுக்கும் கொடுக்கலாம்னு தலைவி அக்கா முன்னாடியே கேட்டு வைக்கிறேன்.

அடுத்த வாரக் கூட்டம் முடிஞ்சதும் டெஸ்டரை எடுத்துக்கிட்டு எங்க தெருவைச் சுத்தினோம். இன்னும் ரெண்டு வீட்டுல இதே கதை. ஒரு வீட்டுல கைக்குழந்தை இருக்கு.

எங்க குழு டெஸ்டர் இப்ப தீர்மான நோட்டு இருக்கிற பெட்டியிலேயே இருக்கு. வேணுங்கிறவங்க கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போறாங்க. நான் ஒரு பலகையில லைட்டு, சுவிட்ச், கனெக்டர் எல்லாம் மாட்டிக் கொண்டு வந்திருக்கேன், அந்த ஓரத்துல சாத்தி வச்சிருக்கேன். அதுல கரண்டு இல்லை, பயப்படாம தொட்டுப் பார்க்கலாம். டீ குடிச்சுட்டு வாங்க, வயர் சீவுறது எப்படின்னு ஒவ்வொருத்தர் கையிலயும் கொடுத்துக் காட்டுறேன்.